நீலவேணியைப் பெயர் சொல்லிக் கூப்பிடாத ஆனி மாதம்

ஊசிப்பாறை மாம்பழ மண்டியில் செந்தூரா வந்து தீர்ந்து, பெங்களூரா வந்து தீர்ந்து, மற்ற பழமெல்லாம் ஓய்ந்த பிறகு கடைசியாக நிதானமாக வந்து சேரும் நீலம் பழம் கூடை கூடையாக இறங்கிக்கொண்டிருந்த ஓர் ஆனி மாதக் காலையில், அங்கே ஏலம் கூறுகிற நீலவேணி, பழம் எப்படி என்று கேட்ட ஆம்பூர் வியாபாரிக்குக் காட்டுவதற்காக மேலாக ஒன்றை எடுத்து, "நீலம்ங்க, நல்லாப் பாத்துக்குங்க" என்று சொல்லிக் கத்தியை வைத்தாள். கத்தி பாதியில் நின்றது. சுற்றி அறுத்துப் பிளந்து பார்த்தபோது, கொட்டை இருக்க வேண்டிய இடத்தில் கொட்டை அளவுக்கே, கொட்டையின் அதே தட்டையான வடிவத்தில், ஒரு நீலக்கல் இருந்தது. அதன்மேல் நார்கூட ஒட்டிக்கொண்டிருந்தது. வியாபாரி அதை வாயில் வைத்துச் சப்பிவிட்டு, இனிப்பு நன்றாக இருக்கிறது, ஆனால் கல்லு கனமாக இருப்பதால் எடையில் தனக்கு நஷ்டம் என்றார். நீலவேணியும் அது நியாயம்தான் என்று ஒப்புக்கொண்டு அடுத்த கூடைக்குப் போனாள்.

அன்று மத்தியானத்துக்குள் மண்டி முழுக்க நீலக்கல் உருண்டது. ஆட்கள் பழத்தைத் தின்றுவிட்டுக் கல்லை வேட்டியில் துடைத்து வெயிலில் தூக்கிப் பிடித்தார்கள். உள்ளே மழைக்காலச் சாயங்காலத்தை மடித்து வைத்ததுபோல ஒரு நிறம் அசைந்தது. சிலர் அதைத் துண்டில் முடிந்துகொண்டு கிருஷ்ணகிரி நகைக்கடைக்குப் புறப்பட்டார்கள். ஆனால் ஊர் எல்லையில் இருக்கிற ஓடைப் பாலத்தைப் பஸ் தாண்டியதும் முடிச்சுக்குள் ஏதோ லேசானது, அவிழ்த்துப் பார்த்தால் சாதாரண மாங்கொட்டை ஈரத்தோடு கிடந்தது. பாலத்துக்கு இந்தப் பக்கம் கல், அந்தப் பக்கம் கொட்டை. ரெண்டு மூன்று பேர் போய்த் திரும்பி வந்து இதைச் சொன்ன பிறகு, பணக்காரர் ஆகிற யோசனையை ஊர் விட்டுவிட்டு, வீட்டில் நிறைந்து கிடக்கிற கல்லை வைத்து என்ன செய்வது என்கிற யோசனைக்கு வந்தது.

கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க ஒரு கல் முட்டுக்கொடுத்தார்கள். தண்ணீர்ப் பானைக்குள் ஒன்று போட்டால் தண்ணீர் சில்லென்று இருந்ததால் எல்லாப் பானையிலும் ஒன்று கிடந்தது. டீக்கடை முனிரத்தினம் பெஞ்சின் ஆடுகிற காலுக்குக் கீழே ஒன்றை வைத்தார். ஊறுகாய் ஜாடியின் துணிமேல் வைக்க, கோழியை விரட்ட, காகிதம் பறக்காமல் இருக்க என்று அது எதற்கும் உதவியது. மோதிரமாகப் போட்டுக்கொள்ள மட்டும் யாருக்கும் தைரியம் வரவில்லை, ஏனென்றால் அது சனீஸ்வரனுடைய கல், ஒத்துக்கொண்டால் ராஜாவாக்கும், ஒத்துக்கொள்ளாவிட்டால் ஓட்டாண்டியாக்கும் என்று சின்ன வயதிலிருந்தே கேட்டு வளர்ந்தவர்கள் அவர்கள். தலையணைக்கடியில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும் என்று நவக்கிரக சந்நிதிக் குருக்கள் சொன்னதால், அந்த மாதம் ஊசிப்பாறையில் ஒருவரை ஒருவர் பார்த்தால் சாப்பிட்டாச்சா என்று கேட்பது போய், ஒத்துக்கிச்சா என்று கேட்பது வந்தது. மாடு நிறையக் கறந்தால் ஒத்துக்கிச்சு, பஸ்ஸைத் தவறவிட்டால் ஒத்துக்கலை.

காரணத்தைக் கண்டுபிடித்தது சித்தூரிலிருந்து லோடு ஏற்ற வந்த லாரி டிரைவர் ரெட்டெப்பா. கண்டுபிடிக்க வேண்டும் என்று அவர் நினைக்கவில்லை. பசித்ததால் ஒரு பழத்தை அறுத்தார். அவர் அறுத்ததில் கொட்டை இருந்தது. இன்னொன்றை அறுத்தார், அதிலும் கொட்டை. பக்கத்தில் அதே கூடையிலிருந்து எடுத்தவர்களுக்கெல்லாம் கல் வந்துகொண்டிருந்தது. அப்போதுதான் நீலவேணி அவரிடம், இந்தப் பழத்தை உங்கள் ஊரில் என்னவென்று சொல்வீர்கள் என்று கேட்டாள். காசாலட்டு என்றார் அவர். அவள் ஒரு பழத்தை எடுத்துக் காசாலட்டு என்று சொல்லி அறுத்தாள், கொட்டை. இன்னொன்றை நீலம் என்று சொல்லி அறுத்தாள், கல். சுற்றி நின்றவர்களுக்கு விஷயம் புரிந்துவிட்டது. பழத்தில் ஒன்றுமில்லை, மரத்தில் ஒன்றுமில்லை, எல்லாம் அந்தச் சொல்லில் இருந்தது. எவ்வளவோ காலமாகக் கல்லுக்கும் பழத்துக்கும் நிறத்துக்கும் ஒரே சொல்லாக உழைத்து உழைத்து, அது எதற்காகச் சொல்லப்படுகிறோம் என்று நின்று பார்க்காமல் எல்லா இடத்திலும் கல்லாகவே போய் இறங்க ஆரம்பித்திருந்தது.

பழத்தோடு நின்றிருந்தால் ஊர் அதைப் பழகிக்கொண்டு போயிருக்கும். ஆனால் சொல் தன் மற்ற வேலைகளையும் ஒவ்வொன்றாக நினைவுக்குக் கொண்டுவந்தது. வெள்ளைத் துணிக்கு நீலம் போட்டவர்களின் வாளியில் சொட்டு விழுந்த இடத்திலெல்லாம் குருணை குருணையாகக் கல் படிந்தது; துணி பளிச்சென்று வந்தாலும் உட்கார்ந்தால் குத்தியது. அடுத்த வாரம் முனிரத்தினம் வாசற்படியில் முழங்காலை இடித்துக்கொண்டு, ரத்தம் கட்டி நீலமாகிவிட்டது என்று வாய்தவறிச் சொல்ல, காயம் பட்ட இடத்தில் சட்டைப் பித்தானைப் போல ஒரு கல் முளைத்தது. வலி போய்விட்டது, கல் போகவில்லை. அவர் வேட்டியை மடித்துக் கட்டி அதற்குத் தினமும் தேங்காயெண்ணெய் போட்டுத் துடைத்து, டீக் குடிக்க வந்தவர்களுக்குக் காட்டினார். அதற்கும் அடுத்த வாரம், ஆரம்பப் பள்ளியில் ஜெசிந்தா டீச்சர் நிறங்களைச் சொல்லிக்கொடுக்கும்போது வானத்தின் நிறம் என்ன என்று கேட்டு அவரே பதிலையும் சொல்லிவிட்டார். உடனே தகரக் கூரைமேல் சடசடவென்று கல்மழை பெய்து நின்றது. பிள்ளைகள் ஆளுக்கொரு கை அள்ளிக்கொண்டார்கள். அன்றிலிருந்து ஊசிப்பாறையில் வானம் வெளுத்திருந்தது, அல்லது கறுத்திருந்தது. இடையில் வேறெந்த நிறமாகவும் இருக்க யாரும் விடவில்லை. குருக்கள் அர்ச்சனையில் சிவனுடைய கழுத்தைப் பற்றிய பெயரை மட்டும் விட்டுவிட்டு மற்றதைச் சொன்னார்.

அப்போதுதான் பஞ்சாயத்துத் தலைவர் வேடியப்பன், பழம் ஆயிற்று, துணி ஆயிற்று, உடம்பு ஆயிற்று, வானமும் ஆயிற்று, இனிமேல் மிச்சம் இருப்பது பெயர்தான் என்று சொல்லிவிட்டுப் பேச்சை நிறுத்திக்கொண்டார். கேட்டவர்கள் எல்லோரும் ஒரே ஆளை நினைத்தார்கள். ஊரில் அந்தச் சொல்லைப் பெயரில் வைத்திருந்தது நீலவேணி ஒருத்திதான். முனிரத்தினத்துக்கு முழங்காலில் ஒரு பித்தான் முளைத்ததோடு போயிற்று. ஒரு முழு மனுஷியை அந்தச் சொல்லால் கூப்பிட்டால் எவ்வளவு தூரம் கல்லாகும் என்று யாருக்குத் தெரியும்? கோயில் மைக்கில் அறிவிப்புச் செய்தார்கள், அதிலும் பெயரைச் சொல்ல முடியாமல், மண்டியில் ஏலம் கூறுகிற நம் அம்மாவை இனிமேல் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது என்று. எல்லோரும் கட்டுப்பட்டார்கள். மண்டியம்மா என்றார்கள், அக்கா என்றார்கள், ஏலத்தம்மா என்றார்கள். பிரியமாகத்தான் சொன்னார்கள். அவளைக் கண்டதும் வாயைக் கையால் மூடிக்கொண்டு சிரித்தபடி ஒதுங்கினவர்களும் உண்டு.

இந்த அறிவிப்பால் கொஞ்சமும் சிரமப்படாத ஆள் அவள் புருஷன் பச்சையப்பன்தான் என்று ஊர் நினைத்தது, ஏனென்றால் அவன் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு ரொம்ப காலமாகியிருந்தது. முன்பு அப்படியில்லை. மற்ற ஆண்கள் பெண்டாட்டியை இந்தா என்றும் ஏ புள்ள என்றும் கூப்பிடுகிற ஊரில், மினி லாரி ஓட்டிவிட்டு வருகிற பச்சையப்பன் மட்டும் தெருமுனையிலிருந்தே, ஓர் எழுத்தையும் விழுங்காமல், நீலவேணி என்று நீளமாகக் கூப்பிட்டுக்கொண்டு வருவான். அவளும் உள்ளேயிருந்து, வந்துட்டேன் என்று ஏலக் குரலில் பதில் கொடுப்பாள். பிறகு ஒருநாள் அவன் அண்ணன் வீட்டுக் காதுகுத்தில், நீலவேணியின் குரல் பக்கத்து ஊர் வரைக்கும் கேட்கிறது, அந்த வீட்டில் யார் ஆம்பளை என்றே தெரியவில்லை என்று யாரோ கேலி செய்தபோது, பச்சையப்பனும் அவர்களோடு சேர்ந்து சிரித்தான். பெரிய சிரிப்பு இல்லை. ஆனால் அடுக்களையில் அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தவள் காதில் அது விழுந்தது. அவள் சண்டை போடவில்லை. அதற்குப் பிறகு அவன் கூப்பிட்டால் பதில் சொல்லவில்லை, அவ்வளவுதான். அவன் சில நாள் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு விட்டுவிட்டான். அதிலிருந்து இருவரும் சுவரைப் பார்த்துப் பேசிக்கொண்டார்கள். சோறு இருக்கு என்பாள் அவள் சுவரிடம். டீசல் தீந்துபோச்சு என்பான் அவனும் சுவரிடம். சுவர் இருவருக்கும் நல்லதாகத்தான் இருந்தது.

இப்போது தடை வந்த பிறகு, சொல்லக் கூடாது என்பதாலேயே அந்தப் பெயர் பச்சையப்பனுடைய நாக்கின் நுனியில் வந்து உட்கார்ந்துகொண்டது. சாப்பிடும்போது இடறியது. பீடி பிடிக்கும்போது புகையோடு வெளியே வரப் பார்த்தது. அவன் பல்லைக் கடித்துக்கொண்டு லாரியை எடுத்துப் போய், ஓடைப் பாலத்தைத் தாண்டியதும் ஜன்னல் கண்ணாடியை ஏற்றிவிட்டு, நீலவேணி, நீலவேணி என்று ஆளில்லாத சீட்டைப் பார்த்துக் கிருஷ்ணகிரி வரைக்கும் கத்திக்கொண்டே போனான். திரும்பி வரும்போது பாலத்துக்கு முன்னால் வாயை மூடிக்கொண்டான்.

நீலவேணிக்கு வந்த கஷ்டம் வேறு மாதிரி. முதல் சில நாள் அவளுக்கு அது வேடிக்கையாகத்தான் இருந்தது. பிறகு, ஏலத்தின் நடுவே யாராவது யாரையாவது கூப்பிட்டால்கூடத் தன்னைத்தானோ என்று திரும்பிப் பார்க்க ஆரம்பித்தாள். குளித்துவிட்டுக் கண்ணாடி முன்னால் நின்று பொட்டு வைக்கும்போது, உள்ளே தெரிகிற பெண்ணை என்னவென்று கூப்பிடுவது என்று ஒரு கணம் தடுமாறினாள். பயமும் இருந்தது. காலையில் எழுந்ததும் விரல்களை மடக்கி நீட்டிப் பார்ப்பாள், எங்காவது குளிர்ந்து கிடக்கிறதா என்று கன்னத்தைத் தடவிக்கொள்வாள். ஒரு சாயங்காலம் ஏலம் முடிந்ததும் பஸ் ஏறிப் பாலத்துக்கு அந்தப் பக்கம் முதல் நிறுத்தத்தில் இறங்கி, ரோட்டோரப் புளியமரத்தைப் பார்த்து நின்றுகொண்டு, "நீலவேணி" என்று சொன்னாள். நன்றாக இருந்தது. கொஞ்சம் சத்தமாக இன்னொரு தடவை சொன்னாள்.

பின்னால் ஒரு மினி லாரி வந்து நின்றது. பச்சையப்பன் தலையை வெளியே நீட்டி, மரத்தைப் பார்த்தபடி, இங்கே என்ன வேலை என்று கேட்டான்.

"பேரைச் சொல்லிப் பாத்தேன்" என்றாள் அவளும் மரத்திடம்.

இஞ்சின் உறுமிக்கொண்டிருந்தது.

"இந்தப் பக்கம் சொன்னா ஒண்ணும் ஆவாது" என்றாள்.

அவனுக்குப் புரிந்தது. கொஞ்ச நேரம் முன்புவரை அதே பெயரைக் காலி சீட்டிடம் கத்திக்கொண்டு வந்தவன்தான் அவன். ஆனால் அவள் முன்னால், அவள் காத்திருப்பது தெரிந்த பிறகு, அந்தப் பெயர் நாக்கின் நுனியை விட்டு நகரவில்லை. சிரித்ததற்கு முதலில் ஏதாவது சொல்ல வேண்டுமோ, சொன்னால் அவள் பதில் கொடுப்பாளோ மாட்டாளோ என்றெல்லாம் நினைத்து, கடைசியில் ஏறு என்று மட்டும் சொன்னான். அவள் முன்னால் ஏறாமல் பின்னால் காலிப் பழப் பெட்டிகளுக்கு நடுவில் ஏறி உட்கார்ந்தாள். வண்டி பாலத்தைத் தாண்டி ஊருக்குள் வந்தது.

அதற்கப்புறம் சில நாள் கழித்து, நீலம் பழத்தின் கடைசி லோடுகள் வருகிற வாரத்தில், மண்டி மேட்டில் பச்சையப்பன் தன் வண்டியை நிறுத்திவிட்டு லோடின் உச்சியில் ஏறித் தார்ப்பாய்க்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தான். மண்டியின் முற்றம் மேட்டிலிருந்து கீழ்நோக்கிச் சரிவாக இருக்கும். சரிவின் அடியில் பழக்குவியலுக்கு முன்னால், முதுகைக் காட்டியபடி, வியாபாரிகள் சூழ நீலவேணி ஏலம் கூறிக்கொண்டிருந்தாள். "ஒரு தரம்" என்றாள். பச்சையப்பன் கயிற்றை இழுத்தான். அவன் காலடியில் வண்டி லேசாக அசைந்தது. ஹேண்ட் பிரேக் சரியாகப் பிடிப்பதில்லை என்று அவனுக்கு முன்பே தெரியும், நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டிருந்தான். வண்டி பின்பக்கமாக உருள ஆரம்பித்தது.

மேலே இருந்தபடியே அவன் ஏய் என்று கத்தினான். மண்டியில் எந்நேரமும் நூறு பேர் ஏய் என்று கத்திக்கொண்டிருப்பார்கள். இந்தா என்றான், தள்ளு தள்ளு என்றான். வியாபாரிகள் வண்டியைப் பார்த்து விலகினார்கள், கையை ஆட்டினார்கள். அவர்கள் விலைக்காகக் கையாட்டுகிறார்கள் என்று நினைத்த அவள், இன்னும் சத்தமாக, "ரெண்டு தரம்" என்றாள். மண்டியம்மா என்று யாரோ கூப்பிட்டார்கள். அது தன் பெயர் இல்லாததால் அவள் திரும்பவில்லை. வண்டி வேகம் பிடித்துவிட்டது. அப்போது லோடின் உச்சியில் நின்றிருந்த பச்சையப்பன், தெருமுனையிலிருந்து கூப்பிடுகிற அதே குரலில், ஓர் எழுத்தையும் விழுங்காமல் கத்தினான்.

"நீலவேணி!"

மண்டி முழுக்க அடங்கிப்போயிற்று. அவள் திரும்பினாள், திரும்பிய வேகத்திலேயே பக்கவாட்டில் தாவினாள். வண்டி அவள் நின்ற இடத்தைக் கடந்து பழக்குவியலுக்குள் போய்ப் புதைந்து நின்றது. பச்சையப்பன் தார்ப்பாயோடு சரிந்து பழங்களுக்கு நடுவில் விழுந்தான்.

யாரும் அவனைப் பார்க்கவில்லை. எல்லோரும் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவள் அசையாமல் நின்றாள், அவளுக்கே அசைந்து பார்க்கப் பயமாக இருந்தது. பிறகு விரல்களை மடக்கினாள், மடங்கின. கன்னத்தைத் தொட்டாள், சூடாக இருந்தது. அப்போது வகிட்டிலிருந்து தொடங்கி, மெதுவாக, தண்ணீர் துணியில் ஏறுவதுபோல, அவள் கூந்தலுக்குள் நிறம் இறங்கியது. முன்நெற்றி முடி, காதோர முடி, பின்னல், பின்னலின் நுனியில் குஞ்சம் மாதிரி நின்ற முடி எல்லாம் நல்ல ஆழமான நீலமாயின. வேணி என்றால் கூந்தல் என்று அந்தச் சொல்லுக்கு யாரோ எடுத்துச் சொன்னதுபோல, அது அங்கே இறங்கியதோடு நின்றுகொண்டது. மண்டிக்குப் பின்னால் இருக்கிற பள்ளிக்கூடத்திலிருந்து ஓடிவந்த ஜெசிந்தா டீச்சர் பின்னலைக் கையில் எடுத்து எடைபார்த்து, கல் இல்லை, முடிதான், எண்ணெய்கூட வைத்திருக்கிறது என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

நீலவேணி பழக்குவியலைப் பார்த்தாள். அதற்குள்ளிருந்து பச்சையப்பன் முகமெல்லாம் மாம்பழச் சாறாக எழுந்து நின்றான்.

"சக்கரத்துக்கு ஒரு கல்லு வெக்க மாட்டியாய்யா? ஊரெல்லாம் கல்லா கெடக்குது" என்றாள் அவள்.

அவள் அவனை நேராகப் பார்த்துப் பேசினாள் என்பது அப்புறம்தான் இருவருக்கும் உறைத்தது. அதற்குள் அவள் வியாபாரிகள் பக்கம் திரும்பி, ரெண்டு தரத்தில் நின்றிருந்த ஏலத்துக்கு மூன்றாவது தரத்தைச் சொல்லி முடித்தாள்.

அன்று சாயங்காலம் வரை ஊர் வரிசையாக வந்து அவளைக் கூப்பிட்டது. இனிமேல் ஆவதற்கு ஒன்றும் இல்லை என்று தெரிந்துவிட்டதால், சேர்த்து வைத்திருந்ததையெல்லாம் தீர்த்துக்கொள்வதுபோல, நீலா என்றும் நீலாக்கா என்றும் நீலவேணியம்மா என்றும் தேவையே இல்லாமல் கூப்பிட்டார்கள். அவளும் சலிக்காமல் என்ன, என்ன என்று கேட்டாள். பெண்கள் பின்னலைத் தொட்டுப் பார்த்து, இதற்கு மல்லிகை எடுப்பாக இருக்கும், கனகாம்பரம் அதைவிட எடுப்பாக இருக்கும் என்று விவாதித்தார்கள். வேடியப்பன் கோயில் மைக்கில் தடை நீங்கியது என்று, இந்தத் தடவை பெயரோடு அறிவித்தார். குருக்கள் மட்டும் சனிக்கிழமை வரைக்கும் பொறுத்துப் பார்த்துத்தான் எதையும் சொல்ல முடியும் என்றார்.

ஏலம் முடிந்து அவள் வண்டி இருந்த பக்கம் வந்தபோது, வண்டியைக் குவியலிலிருந்து இழுத்து நிறுத்திவிட்டு, பச்சையப்பன் அதன் கீழே படுத்துப் பிரேக்கைச் சரிசெய்துகொண்டிருந்தான். அவள் கால்களைப் பார்த்ததும் வெளியே வந்து எழுந்து நின்றான்.

"அன்னிக்கு அண்ணன் வீட்ல நான் சிரிச்சிருக்கக் கூடாது" என்றான்.

"ஆமா."

"பாலத்தண்ட கூப்பிட்டிருக்கணும்."

"ஆமா" என்றாள் அவள்.

அவன் கையைத் துடைத்துக்கொண்டு தலை குனிந்தபடி டிரைவர் சீட்டுப் பக்கம் நடந்தான். ஊசிப்பாறையில் எந்தப் பெண்ணும் புருஷன் பெயரை வாயால் சொன்னதில்லை. ரேஷன் கடையில் கேட்டால்கூடப் பக்கத்தில் நிற்கிறவரைச் சொல்லச் சொல்வார்கள். நீலவேணி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, ஏலம் கூறுகிற குரலில், மேட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற வீடுகளுக்கும் கேட்கும்படி கூப்பிட்டாள்.

"பச்சையப்பன்!"

அவன் நின்று திரும்பினான். டீக்கடை வாசலில் முனிரத்தினம் கிளாஸைக் கீழே வைத்தார். இருவருக்கும் நடுவில் நின்ற வண்டியின் பக்கப் பலகை, எந்தக் காலத்திலோ அறுத்து இழைத்துப் பெயின்ட் அடித்த பலகை, லேசாக விரிந்தது. அந்த விரிசலிலிருந்து ஒரு தளிர் எட்டிப் பார்த்து, ரெண்டு இலை விட்டு நின்றது. நல்ல பச்சை.

பச்சையப்பன் ரேடியேட்டருக்காக வைத்திருந்த தண்ணீர்க் கேனை எடுத்து, பலகையின்மேல் ஒரு கை தண்ணீர் விட்டான். நீலவேணி முன்பக்கக் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்து, நீலப் பின்னலை மடியில் எடுத்துப் போட்டுக்கொண்டு, வண்டியை எடு என்றாள். இலை காற்றில் கிழிந்துவிடக் கூடாதென்று அவன் வீடு வரைக்கும் மெதுவாகவே ஓட்டினான்.